சித்தப்பா காட்டிய படி

அந்த அட்டையில் ஓர் ஏணி வரைந்திருந்தது. வேறொன்றும் இல்லை. இரண்டு நெட்டைக் கோடுகள், நடுவில் பத்துக் குறுக்குக் கோடுகள், ஓரத்தில் பொடிப்பொடியாக எண்கள். கீழே ஒன்று, மேலே பத்து. மழைக்கும் டீக்கும் தாங்கட்டும் என்று பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். டீ விஷயத்தில் அந்த முன்னெச்சரிக்கை என்னை மனதில் வைத்துச் செய்தது. அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லைன் லைனாக நடந்த காலத்தில்தான் என் சித்தப்பாவை நான் ஒழுங்காகப் பார்த்தேன். அதற்கு முன் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது கணக்கில் வராது.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்துவிட்டோம் என்று யாரும் சொல்லக் கூடாது. நான் பயந்தாங்கொள்ளி. எனக்கு வராத வியாதி கிடையாது. வந்த வியாதியும் கிடையாது. உரிகம் ஸ்டேஷனில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்த காலத்தில் கோரமண்டலில் ஒருமுறை, பங்காருபேட்டையில் ஒருமுறை நாடி பிடித்துப் பார்த்துக்கொள்வேன். எதிரே சீட்டாடுகிற கூட்டம் என்னைப் பார்த்து, "மச்சான், பங்காருபேட்ட வரைக்கும் இருப்பியா, இல்ல ஆட்டத்துக்கு வேற ஆளப் பாக்கட்டுமா?" என்று கேட்கும். கம்பெனி வருஷா வருஷம் உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதனை செய்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாள் வரும். சரியாக இருப்பதாகச் சொன்ன எந்திரத்தில் கோளாறு இருக்குமோ என்று அடுத்த வருஷம் வரை பயப்படுவேன்.

சிரிக்கலாம். ஆனால் என் பயத்துக்கும் ஒரு வேர் உண்டு. அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் காலையில் அலாரம் கிடையாது, அப்பாவின் இருமல்தான். சுரங்கத்தை மூடிய கொஞ்ச காலத்திலேயே அவரும் போய்விட்டார். என்ன வியாதி என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இறப்புச் சான்றிதழில் இதயம் நின்றதாக எழுதிக்கொடுத்தார்கள். யாருக்குத்தான் அது நிற்காமல் இருக்கிறது? அன்றிலிருந்து என் மார்பில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு, அந்தக் கேஜில் ஒருநாளும் கால் வைத்தவனில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து பில் போட்டவன். பயம் மட்டும் அப்பாவிடமிருந்து முழுசாக வந்து சேர்ந்தது.

அப்பாவின் தம்பிதான் சித்தப்பா. அதே சுரங்கம், அதே டிரில்லிங் வேலை. மூடிய பிறகு பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போய்வந்தார். ஒருநாள் அதையும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "லிஃப்ட் ரிப்பேர்டா, சும்னே எதுக்கு ஏறி எறங்கறது" என்றார். லிஃப்ட் ரிப்பேர் ஆனதற்கு ஒரு மனிதர் வேலையை விடுவாரா என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரில் அவருக்குப் பாசக்காரர் என்று பெயர். நந்திதுர்க் லைனிலிருந்து கடைத்தெருவுக்குப் போகிற ஏற்றத்தில் அவர் நிற்காத வாசல் கிடையாது. "இன்னாம்மா, சாப்பிட்டியா? பையன் போன் பண்ணானா?" என்று விசாரிப்பார். யாரும் இல்லாத இடத்தில் நின்று தேர்தல் போஸ்டரைப் படிப்பார். போஸ்டரும் இல்லாவிட்டால் லுங்கியை அவிழ்த்துக் கட்டுவார். இந்த மனிதருக்குத்தான் ஊர் மேல் எத்தனை அன்பு என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

என் கம்பெனி பெங்களூர் ஆபீஸை இழுத்து மூடியபோது நான் வீட்டில் உட்கார்ந்தேன். அந்தச் சமயத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழு எங்கள் ஊருக்கு வந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசத் தெரிந்த, சந்து பொந்து தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். சுகாதாரம் சம்பந்தப்பட்ட வேலை என்றதும் எனக்கு வேர்த்தது. டாக்டர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார் என்றதும் சேர்ந்துவிட்டேன். குழுவை நடத்தியவர் ஒரு பெண் டாக்டர். நாங்கள் எல்லாரும் மேடம் என்போம். கன்னடக்காரர். தமிழைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கற்றவர். ஆகவே ரொம்ப மரியாதையாகவும் கொஞ்சம் குழம்பு வாசனையோடும் பேசுவார்.

அவர்கள் தேடி வந்த விஷயம் இதுதான். ஒரே ஊர், ஒரே காற்று, தங்கம் பிரித்தபின் கொட்டிய ஒரே சைனைடு மேட்டிலிருந்து பறந்து வருகிற ஒரே தூசி. அப்படியிருந்தும் வசதி குறைந்தவர்களின் உடம்பு ஏன் முதலில் கெடுகிறது, எவ்வளவு கெடுகிறது? இதை எப்படி அளப்பது? உயரத்துக்கு டேப் இருக்கிறது, எடைக்கு மெஷின் இருக்கிறது. ஒரு மனிதன் ஊரில் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதற்கு என்ன இருக்கிறது? சம்பளத்தைக் கேட்டால் வரன் பார்க்க வந்தவர்களிடம் சொல்வது போல ஏற்றிச் சொல்வார்கள், அல்லது ரேஷன் கார்டுக்காரரிடம் சொல்வது போல இறக்கிச் சொல்வார்கள். அதனால் ஓர் ஏணியைக் காட்டி, நீங்களே சொல்லுங்கள், எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்பது. பல நாடுகளில் கேட்கிற கேள்விதான் என்றார் மேடம். அதோடு இருமலைப் பற்றி ஒரு கேள்வி, மூச்சைப் பற்றி ஒரு கேள்வி. மூச்சுக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்பவருக்கு மட்டும் ஒரு குழாயில் ஊதிப் பார்க்கும் கருவி. அதிலும் சரியில்லை என்றால் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாக முழுப் பரிசோதனை. இல்லை என்று சொன்னவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீடு.

மேடம் எழுதிக்கொண்டு வந்த கேள்வித்தாளில் "படிநிலை" என்றும் "சமதரை" என்றும் இருந்தது. முதல் நாளே ஒரு பெரியவர், "சமதரையா? யாரு அவரு, புது எம்எல்ஏவா?" என்று கேட்டார். மேடம் காதைத் தீட்டிக்கொண்டு எங்கள் பேச்சைக் கவனித்தார். எங்கள் ஊரில் எல்லாமே லெவல்தான். தரை மேடு பள்ளம் இல்லாமல் இருந்தால் லெவலாக இருக்கிறது. பெரிய ஆள் என்றால் லெவல் ஆளு, திமிர் பிடித்தவன் என்றால் லெவல் காட்டுகிறான். ஊர் வாயில் இருக்கிற சொல்லையே போடுவோம் என்று இரண்டு இடத்திலும் "லெவல்" என்று மாற்றி அச்சடித்தார். உங்க வயசுக்காரங்களோட லெவல்ல நடக்கும்போது மூச்சு வாங்குதா? ஊர்ல நீங்க எந்த லெவல்ல இருக்கீங்க? குழுவே கைதட்டியது. என் கையும் அதில் இருந்தது.

சில வாரங்களில் மேடத்தின் முகம் வாட ஆரம்பித்தது. மடிக்கணினியில் ஒரு படம் காட்டினார். கீழ்ப்படியில் இருப்பவர்கள் அதிகம் இருமவேண்டும், மேலே போகப் போகக் குறையவேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது. உச்சிப் படியில் நிற்கிறவர்கள்தான் விடிய விடிய இருமினார்கள். ஆனால் அவர்களில் யாருக்கும் மூச்சு மட்டும் வாங்கவில்லை. "இது எப்படி அண்ணா?" என்றார் மேடம். "பணக்கார இருமலா இருக்கும் மேடம், ஸ்டைலுக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளே சரியாக இல்லை. அன்று மாலை பேட்டரி சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்ற சாக்கில் ஊதும் கருவியில் நானே ஊதிப் பார்த்தேன். அப்படி நான் ஊதிய கோடு அவ்வளவு அழகாக மலை போல ஏறி இறங்கியதால், புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதிரி காட்ட அதை வைத்துக்கொண்டார்கள். ஊரிலேயே சிறந்த நுரையீரல், ஊரிலேயே அதிகமாகப் புலம்புகிற ஆளிடம் இருந்தது.

பிறகு நந்திதுர்க் லைன் வந்தது. சொந்தக்காரர் வீட்டில் நாங்கள் கேள்வி கேட்கக் கூடாது, எடுத்துக்கொடுக்கவும் கூடாது என்பது விதி. ஆகவே மேடமே சித்தப்பாவிடம் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். அதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. சித்தப்பா சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு, ஷிஃப்ட் பாஸ் முன்னால் உட்கார்ந்த மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க வயசுக்காரங்களோட லெவல்ல நடக்கும்போது மூச்சு வாங்குதா, ஐயா?"

"இல்ல மேடம்."

பட்டென்று சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் குடும்பத்தில் ஒருவராவது தப்பித்தாரே. மேடம் ஏணி அட்டையை நீட்டினார். மேலே இருப்பவர்கள் நல்ல வசதி, நல்ல படிப்பு, மரியாதையான வேலை. கீழே இருப்பவர்களுக்கு அதெல்லாம் குறைவு என்று விளக்கினார். எண்ணைச் சொன்னால் போதும் என்றார்.

"பத்து" என்றார் சித்தப்பா. மேடம் கையிலிருந்த டேப்லெட்டில் தட்டப் போனார். சித்தப்பா அட்டையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்தோட முடிச்சிட்டீங்களா மேடம்? அதுக்குக் கீழ கெடையாதா?"

"கீழயா?"

"இதோ, இங்க." அவருடைய விரல் ஏணியின் அடிப்படியில் இருந்தது. "நாங்கெல்லாம் இதுக்கும் கீழ எறங்கினவங்க. ஒங்க ஏணி பத்தாது."

"ஐயா, அது ஒண்ணு. பத்து மேல இருக்கு பாருங்க."

"இன்னா மேடம், கீழ இருந்து எண்றீங்க? கேஜ் மேல இருந்துதான எறங்குது? ஒண்ணாவது லெவல்ல நின்னு அண்ணாந்து பாத்தா வெளிச்சம் தெரியும். கீழ போகப் போகத்தான் நம்பரு ஏறும். சூடும் ஏறும்." தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. எழுந்து பின்கட்டுக் குழாய்ப் பக்கம் போனார். தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் இருமல் ரொம்ப நேரம் கேட்டது.

வாசலில் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்துக்குள் ஒவ்வோர் ஆழத்திலும் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போகிற வழிக்குத்தான் லெவல் என்று பெயர். எண்ணிக்கை மேலிருந்து கீழே. இது தெரியாத வீடு எங்கள் ஊரில் இல்லை. லெவல் என்று கேட்டதும் அட்டையில் இருந்த பொடி எண்ணை யாரும் பார்க்கவில்லை. ஆகவே இத்தனை வாரமாக, அடியில் கிடந்தவர்கள் எல்லாரும் ஒன்பது, பத்து என்று சொல்ல, நாங்கள் அவர்களை உச்சியில் ஏற்றி உட்கார வைத்திருந்தோம். சுரங்க ஆபீஸில் ஃபேன் கீழே இருந்த குமாஸ்தா தன்னடக்கமாக இரண்டு என்று சொல்லி ஏழை ஆகியிருந்தார். அடேயப்பா, ஒரே சொல்லில் ஊரையே கவிழ்த்துவிட்டோமே என்று சிரித்துக்கொண்டிருந்தவன், தண்ணீர்க் குழாய் சத்தத்தைக் கேட்டு நிறுத்தினேன். ஏணிக் கேள்வியில் மட்டுமா லெவல் இருந்தது?

லெவலில் நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா? இல்லை. ஏன் வாங்கப்போகிறது? சுரங்கத்தை மூடி எத்தனை காலம் ஆயிற்று, இப்போது யார் லெவலில் நடக்கிறார்கள்? சித்தப்பா பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லி, பரிசோதனையிலிருந்து வெளியே போய்விட்டார்.

தெருமுனையில் சாக்கடை மேல் போட்ட மோரிக் கல்லில் மேடத்தை உட்கார வைத்து இதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எதிரே இருந்த லைன் வீடுகளைப் பார்த்தபடி, "அண்ணா, நாம எத்தன பேருக்கு நன்றி சொல்லிட்டு வந்திருக்கோம்?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று. ஏணிக்கு எண் வேண்டாம், விரலை வைத்துக் காட்டினால் போதும். ஆனால் சமதரைக்கு என்ன சொல்வது? குழுவில் ஒருவர் "மட்டமான ரோடு" என்றார். "அப்படிக் கேட்டா, நம்ம ஊர்ல எல்லா ரோடுமே மட்டம்தான்னு முனிசிபாலிட்டியத் திட்ட ஆரம்பிச்சிடுவாங்க மேடம், மூச்சு வாங்காது, கெட்ட வார்த்ததான் வாங்கும்" என்றேன். கடைசியில் "மேடு இல்லாத ரோடு" என்று எழுதினோம். எனக்கு அதில் எல்லாம் மனசு ஓடவில்லை. வரிசைப்படி போனால் நந்திதுர்க் லைன் கடைசி. அதுவரை அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அந்த நாட்களில் என் நாடியை நான் மறந்தே போனேன். காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சித்தப்பா வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் பின்னால் ஏற்றத்தில் நடந்துபோய்ப் பார்த்தேன். அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. வாசல் வாசலாக அவர் நின்றது விசாரிக்க அல்ல. "சாப்பிட்டியா?" என்று ஒரு சொல் கேட்பார், அந்த அம்மாள் பதில் சொல்கிற நேரம் முழுக்க இவர் மூச்சைச் சேகரிப்பார். நீளமாகப் பேசுகிறவர்கள் வீட்டு வாசலில் அதிகம் நின்றார். போஸ்டரில் இருந்த ஆளை அவர் படிக்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஊரே மெச்சிய பாசத்தில் பாதி, மூச்சு.

நேரடியாகவே கேட்டுப்பார்த்தேன். "சித்தப்பா, நாளைக்கு ரெண்டு பேரும் சும்மா ஒரு டாக்டரப் பாத்துட்டு வரலாமா?"

"ஒனுக்கு இன்னாடா ஆச்சு?"

"எனக்கு இல்ல, உங்களுக்கு."

"நல்லா இருக்கறவன இட்னு போயி நோயாளி ஆக்கப் பாக்கறியா? டெய்லி வந்து மூஞ்சியப் பாக்கற, நான் இன்னா சாவப்போறனா? நீ போயி ஒன் ஒடம்பப் பாருடா பெரியவனே. ஏசி ரூம்ல ஒக்காந்து ஒக்காந்து வெளுத்துப் போயிட்ட."

மேடம் ஒருவழியாக மறுபடி அந்த வீட்டுக்கு வந்தார். அதே வாசல் நிலை, அதே வாய்ப்பூட்டு. சித்தி உள்ளே முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மேடம் புதிய கேள்வியைக் கேட்டார்: "மேடு இல்லாத ரோட்டுல, உங்க வயசுக்காரங்களோட நடக்கும்போது மூச்சு வாங்குதா? அவங்கள விட மெதுவா நடக்கறீங்களா?"

"என் வயசுக்காரங்களோடயா?" சித்தப்பா யோசித்தார். உண்மையிலேயே ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார், உதடு அசைந்தது. "எங்க செட்டுல நான்தான் மேடம் பாக்கி. எவனோட நடக்கறது? எல்லாம் கல்லறைத் தோட்டத்துல படுத்துனு கீறானுங்க. அவனுங்கள விட நான் ஸ்பீடாத்தான் நடக்கறேன்."

மேடத்துக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன: ஆம், இல்லை, பொருந்தாது. அவர் விரல் மூன்றாவதன் பக்கம் போனது. பொருந்தாது என்றால் ஊதும் கருவி கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் மிச்சமில்லாத மனிதர் அந்தக் கேள்வியைப் பொறுத்தவரை ஆரோக்கியமானவர். விதியாவது ஒன்றாவது என்று வாயைத் திறக்கப் போனேன்.

"ஏன், நான் ஒருத்தி இல்ல?"

உள்ளேயிருந்து சித்தி. முறத்தோடு வந்து நின்றார். "மேடம், நானும் இவரும் ஒரே வயசு. சர்ச்சுல ஒரே வயசுப் புள்ளைங்களுக்குக் குடுக்கற திடப்படுத்தல் ஒண்ணாத்தான் எடுத்தோம். என்கூட நடக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சேந்துதான் கெளம்புவோம். நான் போயி முட்டி போட்டு, ஜெபம் பண்ணி, பாட்டும் முடிஞ்சி, பாதிரி ஐயர் பிரசங்கத்துக்கு ஏறுவாரு. அப்பதான் இவரு வந்து கடைசி பெஞ்சில ஒக்காருவாரு. கேட்டா, வழியில பேசினு வந்தேன்பாரு. மூச்சே இல்லாத ஆளுக்கு இன்னா பேச்சு?"

"ஏய், கம்னு இரு."

"எத்தினி வருசம் கம்னு இருக்கறது? ராத்திரியில மூணு தலகாணி வச்சி சாஞ்சினு தூங்கறது யாரு? நானா?"

கேள்வியை எழுதியவர்களுக்கு இது தோன்றியிருக்காது. உங்கள் வயதுக்காரர் என்றால் சேர்ந்து வேலை செய்தவர் என்றுதான் சித்தப்பா எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதே வயதில், அதே வீட்டில், அதே ரோட்டில் எட்டி நடக்கிற ஒரு பெண்மணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தது யார் கணக்கிலும் இல்லை. மேடம் திரையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, நீங்கதான் சொல்லணும். அவங்க சொல்றது சரியா?" என்றார்.

சித்தப்பா முதலில் சித்தியை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலைக்கட்டையைப் பார்த்தேன்.

"கொஞ்சம் வாங்கும்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். "கொஞ்சம் வாங்கும் மேடம்."

குழாயைக் கையில் கொடுத்து ஊதுங்கள் என்றதும், "இன்னா மேடம், போலீஸ்ல சேந்துட்டீங்களா? நான் பண்டிகைக்கு மட்டுந்தான் சாப்பிடுவேன்" என்றார். சித்தி முறத்தை ஓங்கினார். ஊதினார். நாங்கள் எல்லாரும், "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று கத்தினோம். திரையில் கோடு கொஞ்சம் தலைதூக்கியது, சோர்ந்து படுத்துக்கொண்டது. மறுபடி ஊதச் சொன்னார்கள். மறுபடி அதே. மாதிரிக்காகப் பக்கத்தில் வைத்திருந்த என் மலையை நான் சட்டென்று கவிழ்த்து வைத்தேன்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் சித்தப்பாவைப் படம் எடுக்கிற அறைக்குள் கூட்டிப் போனதும் எனக்குக் கண் இருட்டியது. ஒரு நர்ஸ் ஓடிவந்து என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார். சித்தப்பா வெளியே வந்து பார்த்துவிட்டு, "சிஸ்டர், தப்பான ஆள ஒக்கார வச்சிட்டீங்க. இவனுக்கு ஒண்ணும் இல்ல, சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்" என்றார். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, நோயாளி யார் என்று கேட்டார். பிறகு படத்தை வெளிச்சத்தில் மாட்டி, நுரையீரல் முழுக்கக் கல் தூசி படிந்து தழும்பாகியிருக்கிறது, போனது திரும்பாது, டிபி மட்டும் இல்லை, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், மருந்தும் ஆக்சிஜனும் உதவும் என்று பொறுமையாகச் சொன்னார். சித்தப்பா ஒரே கேள்விதான் கேட்டார்.

"அப்ப இது வயசு இல்லீங்களா?"

"வயசு இல்லீங்க. இது வியாதி."

சித்தப்பா தலையாட்டினார். திட்டு வாங்கியவர் முகம் இல்லை அது. நீண்ட நாள் தன்மேல் இருந்த ஒரு புகார் பொய் என்று தெரிந்தவர் முகம்.

அன்று மாலை நடந்ததைச் சொல்லும் முன், அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மறுசுற்று முடிந்தபோது மேடத்தின் மடிக்கணினிப் படம் நேரானது. ஒவ்வொரு படி இறங்க இறங்க மூச்சு குறைந்துகொண்டே போனது, கொத்தனார் கட்டிய படிக்கட்டு மாதிரி ஒழுங்காக. ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது. மேடம் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். நந்திதுர்க் லைன், பாலகாட் லைன் இரண்டு பக்கமும் முன்பு நன்றி சொல்லி அனுப்பப்பட்ட நிறையப் பேர் பெங்களூர் போய்வந்தார்கள். அந்தப் படத்தில் நான் நடுப்படியில் ஒரு புள்ளி. அப்பா இருந்திருந்தால் அடியில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் என் நுரையீரல் என்று புரிந்த அன்று எனக்கு வந்தது பயமில்லை. வேறு ஏதோ, அதற்கு நாடி பிடித்துப் பார்க்க முடியாது. சித்தப்பா ஆக்சிஜன் எந்திரத்தோடு இன்னும் சில மழைக்காலங்கள் பார்த்தார். போனபோது, சான்றிதழில் இதயம் நின்றது என்று எழுதவில்லை. கல் தூசியால் வந்த நுரையீரல் நோய் என்று அதன் பெயரிலேயே எழுதினார்கள். சித்தி அதை என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இப்போதும் நான் அதே ரயிலில் வேறொரு வேலைக்குப் போய்வருகிறேன். தும்மினால்கூட எனக்கு டாக்டர் உண்டு. அடியில் இறங்கியவர்களில் மிச்சமிருப்பவர்கள் இன்னும் வாசல் வாசலாக நின்று நலம் விசாரிக்கிறார்கள். அப்படி யாராவது நின்றால், நான் பதிலை நீளமாகச் சொல்கிறேன்.

அந்த மாலை ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்கு வந்தோம். எங்கள் ஊருக்குப் போகிற மாரிகுப்பம் ரயிலில் கால் வைக்க இடமில்லை. வேலை முடிந்து திரும்புகிற கூட்டம் முழுக்க நம் ஊர்தான்; கழுத்தில் அடையாள அட்டை, மடியில் பை, காதில் பாட்டு. சித்தப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் தோளும் மறுபக்கம் பையும் இடித்தன. வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே ஏதோ பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே சுவர்தான் இருந்தது. யாரிடமாவது இடம் கேட்கலாமா, கேட்டால் இவருக்குக் கோபம் வருமா, கேட்காவிட்டால் பங்காருபேட்டை வரை தாங்குவாரா என்று கணக்குப் போட்டேன். கேட்க வேண்டிய வார்த்தையைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

அப்போது சித்தப்பா குனிந்து, உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரரின் தோளைத் தட்டினார்.

"சார், எனுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் எடம் குடுங்க."

மீசைக்காரர் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். "ஒக்காருங்க பெரியவரே, மொதல்லயே சொல்றதில்ல?" என்றார். சித்தப்பா உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பேச்சுக்கொடுக்க ஆள் தேடவில்லை, எதையும் படிக்கிற மாதிரி பாவனை செய்யவில்லை. வாயை நன்றாகத் திறந்து, அந்தப் பெட்டியில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படியாக, மூச்சு வாங்கினார்.